ரெஜினா வைத்த கன்னக்கட்டை

வடகானலில் வீரணனின் துப்பாக்கிக்கு ரெஜினாமேரி கன்னக்கட்டை பொருத்திய நாளில், அந்தத் துப்பாக்கியின் ஸ்கோப்புக்குள் எந்த உயிர் வந்து நின்றதோ அந்த உயிரின் நெஞ்சுத் துடிப்பு, கட்டையில் கன்னம் வைத்தவனின் எலும்பு வழியாக ஏறிக் காதுக்குள் கேட்க ஆரம்பித்தது. அதை முதலில் கேட்ட வீரணன் பயப்படவுமில்லை, கும்பிடவுமில்லை, எங்கேயோ ஒரு ஸ்க்ரூ லூஸாக இருக்கிறது என்று நினைத்தான்.

எங்கள் ஊரில் விதைக்கிழங்கை யாரும் வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. ஊருக்கு மேலே, சீகைமரக் காட்டை ஒட்டி, கருப்பசாமி பேரில் ஒரு தோட்டம் இருக்கிறது. அதில் விளையும் உருளைக்கிழங்கை ஒருவரும் தின்பதில்லை, தோண்டி உலர்த்தி முளைகட்டி வீட்டுக்கு வீடு பங்கு போட்டு நடுவோம், சண்டை போட்டுப் பேச்சு நின்றுபோன வீட்டுக்கும் பங்கு உண்டு, ஊரைவிட்டு ஓடிப்போனவன் திரும்பி வந்தால் அவனுக்கும் பங்கு உண்டு. அந்தத் தோட்டத்துக்குள் அந்த வருடம் ஒற்றைப் பன்றி ஒன்று இறங்கியது, காது கிழிந்த கிழட்டு ஆண் பன்றி. பழைய சேலைகளை வேலியாகக் கட்டினோம், அது சேலைக்கு அடியில் குனிந்து வந்தது. தகரம் தட்டினோம், தாளத்துக்குத் தின்றது. பூசாரி சாமியாடிச் சாபம் விட்டார், சாபத்தைக் கேட்ட பிறகு அது இன்னும் நன்றாகத் தின்றது என்று சொன்னார்கள். தோட்டம் போனால் அடுத்த வருடம் ஊரில் நடுவதற்கு ஒரு கண்ணுக் கிழங்கு இருக்காது என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

சுட அனுமதி வந்தது. உரிமம் உள்ள ரைஃபிள் ஊரில் வீரணனிடம் மட்டும்தான் இருந்தது, ஆனால் வீரணன் நாற்பதைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டான். குழலின் பின்பக்கத்துப் பள்ளமும் முனையில் இருக்கும் குமிழும் தூரத்துப் பன்றியும் மூன்றும் சேர்ந்து தெரிந்தால்தான் குறி, அவனுக்கு அந்த மூன்றில் ஒன்று எப்போதும் புகைந்துபோனது. தூரத்தைக் கிட்டே காட்டும் ஸ்கோப் வைத்தால்தான் ஆகும் என்றார்கள். ஸ்கோப் வைப்பது என்றால் ரெஜினா.

அவள் கீழே டவுனிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். பெரிய உடம்பு, பெரிய குரல், கையில் இரும்புப் பெட்டி. அப்பா பட்டாளத்தில் ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்தவர். அவரிடம் கற்றது பாதி, அவரைத் திருத்தியது பாதி என்று அவளே சொல்லிக்கொள்வாள், தன்னடக்கம் என்ற சாமான் அந்தப் பெட்டியில் இல்லை. வீரணன் வீட்டு முற்றத்தில் இரண்டு சாக்கை விரித்து, துப்பாக்கியிலிருந்து, குண்டை வெடிக்க வைக்கும் போல்ட்டை உருவித் தன் ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொண்டு, அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தாள்.

“போல்ட் எங்கிட்ட இருக்கிற வரைக்கும் இது வெறும் ஒலக்கை. யாரும் பயப்பட வேணாம், பக்கத்துல வந்து பாருங்க” என்றாள். ஊரே பக்கத்தில் வந்தது.

ஒரு வேலையை ஒரு ஆள் அவ்வளவு ரசித்துச் செய்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு சேர்த்துப் பிடிக்கும் வளையங்களுக்கு மவுண்ட் என்று பெயர். உயரம் குறைந்தது, நடுத்தரம், உயரமானது என்று ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலிலிருந்து மூன்று ஜோடி எடுத்துச் சாக்கில் வைத்தாள். குறைந்ததை வைத்துப் பார்த்தால் ஸ்கோப்பின் அகன்ற வாய் குழலில் இடித்தது. உயரமானதில் ஸ்கோப் பல்லக்குப் போல எங்கேயோ மேலே போய் உட்கார்ந்தது. நடுத்தரத்தில் வைத்து, குழலுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே ஒரு போஸ்ட் கார்டை விட்டு இழுத்தாள், கார்டு உரசாமல் வெளியே வந்தது, “இவன்தான் மாப்பிள்ளை” என்றாள். முற்றத்துக்குள் நீண்டிருந்த கொய்யாக் கிளையில் நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, அந்த நூலோடு ஸ்கோப்பின் செங்குத்துக் கோடு ஒன்றாகும் வரை ஸ்கோப்பை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினாள். ஸ்க்ரூக்களைக் குறுக்கு மறுக்காக, இந்த மூலையில் கொஞ்சம் அந்த மூலையில் கொஞ்சம் என்று முடுக்கி, ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்தாள். ஸ்க்ரூ அசைந்தால் பாலிஷ் விரிசல் விட்டுக் காட்டிக்கொடுக்கும்.

“பொம்பளை வச்ச துப்பாக்கிக்குப் பொட்டும் வந்திருச்சு” என்றார் மொக்கையன் தாத்தா.

“உங்களுக்கும் ஒரு சொட்டு வைக்கிறேன் தாத்தா, எங்க ஆடுதுன்னு பாப்போம்” என்றாள் ரெஜினா.

பிறகு வீரணனைத் துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக் கண்ணை மூடச் சொன்னாள். “கண்ணை மூடு. எப்பவும் போல கன்னத்தை வை. இப்ப தொற.” திறந்தான். ஸ்கோப்புக்குள் பாதிதான் தெரிந்தது, மீதி அமாவாசை. ஸ்கோப் உயர்ந்துவிட்டதால் கண்ணுக்காகத் தலையைத் தூக்க வேண்டியிருந்தது, தலையைத் தூக்கினால் கன்னம் கட்டையில் படாமல் அந்தரத்தில் நின்றது. “அந்தரத்துல நிக்கிற தலை பொய் சொல்லும்” என்று சொல்லி, சில்வர் ஓக் பலகைத் துண்டொன்றை எடுத்து இழைத்தாள். அதன் மேல் பழைய கம்பளியிலிருந்து வெட்டிய துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எல்லாவற்றையும் தோலால் மூடி, துப்பாக்கிக் கட்டையோடு சேர்த்து வாரில் இறுக்கினாள், அதுதான் கன்னக்கட்டை. கண்ணை மூடு, வை, தொற. ஒரு துண்டு கம்பளி கூட்டினாள். மூடு, வை, தொற. ஒன்று எடுத்தாள். மதியச் சோறு ஆறிப்போனது. கடைசியாக ஒரு மெல்லிய துண்டைச் செருகியபோது வீரணன் கண்ணைத் திறந்து, “முழு நிலாக்கா” என்றான்.

“அப்படியே கிட. இன்னொண்ணு. சுட்ட பிறகும் கன்னத்தை எடுக்காத. குண்டு போச்சான்னு தலையைத் தூக்கிப் பாக்கறவன் குண்டும் தலையைத் தூக்கிக்கிட்டுத்தான் போகும். சத்தம் அடங்குற வரைக்கும் கன்னம் கட்டையில இருக்கணும்.”

அந்த நிலையில்தான், எதிர்மலைச் சரிவில் மேய்ந்துகொண்டிருந்த ஒரு பசுவின் மேல் ஸ்கோப்பின் குறி போய் நின்றபோது, வீரணனின் கன்ன எலும்பில் டொம், டொம் என்று கேட்டது.

“அக்கா, ஸ்க்ரூ லூசு.”

ரெஜினாவுக்குக் கோபம் வந்தது. ஸ்க்ரூக்களைப் பார்த்தாள், ஒரு பாலிஷும் விரியவில்லை. தானே வாங்கிக் கன்னம் வைத்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அவளுடைய கன்னம் வேறு, வீரணனின் கன்னம் வேறு. தோலை அவிழ்த்து, இரண்டு துண்டு கம்பளியை எடுத்துவிட்டுத் தன் முகத்துக்குச் சரிபண்ணி மறுபடியும் வைத்தாள். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தாள். பசு வாலை வீசியது. பிறகு நிமிர்ந்து, கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, “லூசெல்லாம் இல்ல. அவ்வளவு நல்லா உக்காந்திருக்கு, அதான் கேக்குது” என்று ஊரைப் பார்த்துச் சொன்னாள். தன் வேலையின் தரத்துக்கு அது ஒரு சான்றிதழ் என்பதுபோல்தான் சொன்னாள். எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது.

அன்றைக்கு அவள் போக வேண்டிய பஸ் அவள் இல்லாமல் போனது, மறுநாள் பஸ்ஸும் போனது. எல்லோருக்கும் கேட்க வேண்டியிருந்தது. போல்ட் அவளுடைய ஸ்வெட்டர் பையில் கிடக்க, துப்பாக்கியைச் சுவர்மேல் மணல் மூட்டையில் கிடத்தி, வருகிறவர்களின் முகத்தைத் திருப்பிப் பார்த்து, இவனுக்கு ஒரு துண்டு கூட, இவளுக்கு ஒன்று குறைய என்று அவள் கம்பளியை மாற்றிக்கொண்டே இருந்தாள். ஒரு துண்டு பிசகினாலும் ஒன்றும் கேட்காது, சரியாக உட்கார்ந்தால் உள்ளங்கையில் வைத்ததுபோல் கேட்கும். பஞ்சவர்ணம் எதிர்மலை பஸ் நிறுத்தத்தில் வேலைக்குப் போக நிற்கும் மகனைக் கேட்டாள். பஸ் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போகும் வரை கேட்டுவிட்டுத்தான் கஞ்சி குடித்தாள். தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் வருடக்கணக்காகத் தம்பியோடு பேசாத தவசி, கீழே பூண்டு காயவைத்துக்கொண்டிருந்த தம்பி பால்ச்சாமியைக் கேட்டுவிட்டு, “எங்கப்பனுக்கு இருந்த அதே அடி. நடுவுல ஒண்ணு தப்புது” என்று முகம் வெளுத்து எழுந்தான். இன்றுவரை அவர்களுக்குள் பேச்சு இல்லை, ஆனால் அன்று பால்ச்சாமியை பைக்கில் பின்னால் உட்கார வைத்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் தவசிதான், மலைப்பாதை முழுக்க ஒரு வார்த்தை பேசாமல். பல்லில்லாத மொக்கையன் தாத்தாவின் குழிவிழுந்த கன்னத்துக்கு ரெஜினா கம்பளியை அடுக்கிக்கொண்டே போனாள், “இது கன்னமா கெணறா தாத்தா?” என்றாள். கடைசியில் அவர் ஒரு காக்காயைக் கேட்டுவிட்டு, “அவசரக்காரப் பய” என்றார்.

கருப்பசாமி கல்லைப் பார்த்துத் திருப்பலாமா என்று ஒருவன் கேட்டதற்குப் பூசாரி மறித்து நின்றார். “கேட்டுச்சுன்னா பொறவு கும்பிடறதுக்கு என்ன இருக்கு? கேக்கலைன்னா கும்பிடறதுக்கு என்ன இருக்கு? பேசாமப் போங்கடா.” அதுவும் எங்களுக்கு நியாயமாகவே பட்டது.

நானும் வரிசையில் நின்றேன். என் முறை நெருங்கியபோது யாரைக் கேட்பது என்று யோசித்தேன், ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன், கேட்டுவிட்டால் அதன்பின் அவர்களோடு எப்படி இருப்பேன் என்று தெரியவில்லை, பின்னால் நின்றவருக்கு இடம் விட்டு வந்துவிட்டேன். வீரணனின் மனைவி சிட்டம்மா அந்த வரிசையின் பக்கமே வரவில்லை. அவளைக் கேட்க வேண்டும் என்று வீரணனுக்கு ஆசை, ஆனால் அவள் ஸ்கோப்பின் பார்வைக்குள் சிக்காமல் தொழுவத்துக்குப் பின்னாலேயே சுற்றி வந்தாள்.

“என் நெஞ்சுல இருக்கிறதை வாய்லதான் தெனம் சொல்றேனே, அதையே நீங்க கேக்கல. இதுல ரைஃபிள் வேற” என்றாள்.

இப்படியாக ஊர் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டிருந்த நாட்களில் பன்றி தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே அது தோட்டத்தின் மேல் மூலையில் இறங்கியது. ரெஜினா கம்பளியை வீரணனின் அளவுக்கு மாற்றி வாரை இறுக்கி, பையிலிருந்து போல்ட்டை எடுத்துக் கொடுத்தாள். அவன் வரப்பில் படுத்தான். கிழிந்த காது, சேறு காய்ந்த விலா, முன்னங்காலுக்குப் பின்னால் சுட வேண்டிய இடம், எல்லாம் முழு நிலாவுக்குள் நின்றன. அந்த இடத்திலிருந்தே சத்தமும் வந்தது. நிதானமான, கனத்த, கிழட்டுத் துடிப்பு. கிழங்கைக் கடிக்கும்போது கொஞ்சம் துள்ளி, மென்று விழுங்கும்போது மறுபடி நிதானப்பட்டது. சாப்பிடும்போது சந்தோஷப்படுகிறது என்று வீரணனுக்குத் தெரிந்துவிட்டது. விரல் மடங்கவில்லை. பன்றி ஒரு வரிசையைத் தின்று முடித்து அடுத்த வரிசைக்குப் போனது, அதையும் தின்றது, நடந்து காட்டுக்குள் போனது.

ஊர் கூடியது. “கேட்டுக்கிட்டே இருந்தா வெதைக்கு எங்க போறது? பன்னிக்குச் சீமந்தம் பண்ணவா ஸ்கோப் வச்சோம்?” என்று தவசி கத்தினான். வீரணன் ரெஜினாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டான்.

“அக்கா, அந்தச் சத்தத்தை மட்டும் எடுத்திர முடியாதா?”

“முடியும். ஒரு துண்டு கம்பளியை உருவுனா போச்சு.”

“உருவிடுக்கா.”

“உருவுனா நெலா பாதியாயிரும். கன்னம் ஆடும். குறி ஆடும். நெஞ்சுல போக வேண்டியது வயித்துல போகும்.” அவள் அப்போது கத்தவில்லை, அவள் கத்தாதது வீரணனுக்குப் புதிதாக இருந்தது. “நானும் ராத்திரியெல்லாம் யோசிச்சேன் தம்பி. சத்தம் தனி, குறி தனின்னு பிரிச்சு வைக்க எனக்கு வழி தெரியல. எனக்கே தெரியலைன்னா வேற எவனுக்கும் தெரியாது.”

இருந்தும் அடுத்த நாள் சாயங்காலம், ரெஜினா குளிக்கப் போன நேரத்தில், அவள் கழற்றி வைத்த ஸ்வெட்டரிலிருந்து போல்ட்டை எடுத்துக்கொண்டு, வாரைத் தளர்த்தித் தோலுக்கடியில் விரலை விட்டு அந்தக் கடைசி மெல்லிய துண்டை வீரணனே உருவினான். பன்றி வந்தது. கன்னம் வைத்தான், கட்டை கட்டையாக இருந்தது, ஒரு சத்தமும் இல்லை. நிலாவின் ஓரத்தில் கறுப்பு பிறையாக நின்றது, கழுத்தை நீட்டி அதைச் சமாளித்தான், சுட்டான், சுட்ட கையோடு தலையைத் தூக்கிப் பார்த்தான். பன்றி உட்கார்ந்து எழுந்து, பின்னங்காலை இழுத்துக்கொண்டு, நாங்கள் அதுவரை கேட்டிராத ஒரு குரலில் அலறிக்கொண்டு சீகைக்காட்டுக்குள் போனது.

அடிபட்ட பன்றி காட்டுக்குள் இருக்கும்போது யாரும் தோட்டத்தில் கால் வைக்க முடியாது. மழை இறங்கும் பருவம், கிழங்கு மண்ணுக்குள் அழுகும். வீரணன் சாப்பிடாமல் படுத்தான். உருவிய துண்டைச் சட்டைப் பையில் வைத்திருந்தான், அதைச் சிட்டம்மா பார்த்தாள். அவள் திட்டாதது அவனை இன்னும் அமுக்கியது.

விடிந்தபோது அவள் வீட்டில் இல்லை. தொழுவத்தில் மண்வெட்டியும் இல்லை, சாக்கும் இல்லை. ஊர் தூங்கும்போது முடிந்தவரை விதைக்கிழங்கைத் தோண்டிவிடலாம் என்று தனியாகப் போயிருக்கிறாள். துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினோம். பாதி நிரம்பிய சாக்கு வரப்பில் கிடந்தது, மண்வெட்டி கிடந்தது, ஒரு செருப்பு காட்டின் ஓரத்தில் கிடந்தது. உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

“யோவ்! மரத்து மேல இருக்கேன்! கீழ நிக்கிது!”

பிறகு குரல் இல்லை. ஒரு கிளை முறிவதற்கு முன் முனகும் சத்தம் கேட்டது. சீகைமரம் லேசான மரம், கனம் தாங்காது, அது எல்லோருக்கும் தெரியும். காடு அடர்ந்து கிடந்தது, மரமும் தெரியவில்லை, அவளும் தெரியவில்லை, பன்றியும் தெரியவில்லை.

வீரணன் சட்டைப் பையிலிருந்து கம்பளித் துண்டை எடுத்து ரெஜினாவின் முன் நீட்டினான். அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள், வாரை அவிழ்த்துத் துண்டைச் செருகி இறுக்கினாள். அவசரப்படவில்லை, ஒரு மடிப்பு விழுந்ததைக்கூட எடுத்து நீவி மறுபடி வைத்தாள். அந்த நேரத்தில் அப்படி நீவிய விரல்களை நான் இன்னும் நினைத்துக்கொள்கிறேன். துப்பாக்கியிலிருந்து போல்ட்டை உருவித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

“மொதல்ல தேடு. கண்ணை மூடு. வை. தொற.”

குழலை வரப்பின் மேல் வைத்து வீரணன் இலைகளின் மேல் மெதுவாக நகர்த்தினான். மைனா ஒன்று. பிறகு ஒன்றுமில்லை. பிறகு எலியோ அணிலோ, சிணுங்கல் போல. பிறகு இலைகளுக்குப் பின்னால் உயரத்தில் ஒரு துடிப்பு, வேகமாக, பயந்து, இடையிடையே யாரையோ பிடித்து உலுக்குவதுபோல் ஒரு அழுத்தத்தோடு.

“இது அவ” என்றான். அதற்குமுன் அவன் அதைக் கேட்டதே இல்லை.

“அப்ப அங்க இல்ல. அதைவிட்டு இறங்கு. கீழ வா.”

குழலைக் கீழே இறக்கினான். மரத்தின் தூரிலிருந்து ஒதுங்கி, சரிவில் கொஞ்சம் கீழே, பெரணிப் புதருக்குள் அந்தக் கிழட்டுத் துடிப்பு இருந்தது. நிதானம் போய்விட்டிருந்தது, இரண்டடி நடந்து ஒன்று நொண்டியது. சத்தம் இருந்த இடத்திலேயே காத்திருந்தான். பெரணி அசைந்து விலகியது, கிழிந்த காதும் தோளும் வெளிச்சத்துக்கு வந்தன, அதற்குப் பின்னால் செம்மண் மேடு மட்டும்தான்.

“தெரியுதா?”

“முழுசாத் தெரியுது.”

“சும்மா சொல்லாத.”

“முழுசாத் தெரியுதுக்கா.”

போல்ட்டைக் கொடுத்தாள். அவன் கன்னத்தைத் தூக்காமலே வாங்கிச் செருகினான். இந்த முறை விரல் மடங்காமல் இருக்கவில்லை, ஆனால் உடனே மடங்கவுமில்லை; ஒரு நொண்டலுக்கும் அடுத்த அடிக்கும் நடுவே இருந்த சின்ன அமைதிக்குள் அவன் சுட்டான்.

பன்றி அலறவில்லை. மடங்கிப் படுத்தது. நாங்கள் கத்திக்கொண்டு காட்டுக்குள் ஓடினோம், வீரணன் மட்டும் எழவில்லை. கன்னம் கட்டையில் இருந்தது. ரெஜினா அவன் பக்கத்தில் மண்டியிட்டுப் போல்ட்டை உருவிப் பையில் போட்டுக்கொண்டு, அவனை எழுப்பாமல், தான் சொன்ன பாடத்தைத் தானே கேட்பவள்போல் தலையைக் குனிந்து இருந்தாள். சத்தம் அடங்குற வரைக்கும் என்று சொல்லியிருந்தாள் அல்லவா. அது அடங்க நேரம் எடுத்தது. அவன் அத்தனையையும் கேட்டான். கடைசி அடிக்குப் பிறகு இன்னொன்று வருமோ என்று காத்திருந்ததையும் சேர்த்துக் கேட்டான்.

அவனுக்கு முன்னால் நிழல் விழுந்தது. முழங்கையெல்லாம் சிராய்ப்போடு, ஒற்றைச் செருப்போடு சிட்டம்மா நின்றாள்.

“என்னைக் கேட்டீங்களா?”

“ம்.”

“என்ன சொல்லுச்சு?”

கன்னத்தை எடுக்காமலே, “திட்டுச்சு” என்றான்.

அவள் குனிந்து அவன் தலையைப் பிடித்து மெதுவாகத் தூக்கினாள். தோலின் தையல் வரிசை அவன் கன்னத்தில் பதிந்திருந்தது, தோல் நனைந்திருந்தது. அதை முந்தானையால் துடைத்துவிட்டு, “எந்திரிங்க. மழை வர்றதுக்குள்ள கெழங்கு தோண்டணும்” என்றாள். ஊர் முழுக்கத் தோட்டத்தில் இறங்கித் தோண்டியது, ரெஜினாவும் ஸ்வெட்டர் கையை மடித்துவிட்டுக்கொண்டு தோண்டினாள், எங்களில் யாரையும்விட நேராகத் தோண்டுவதாகச் சொல்லிக்கொண்டே தோண்டினாள்.

துப்பாக்கி இன்றும் வீரணன் வீட்டில்தான் இருக்கிறது. அவன் சுட வேண்டி வருவது அபூர்வம்; சுட்டால் சத்தம் அடங்கும்வரை கன்னத்தை எடுப்பதில்லை, அதுவரை நாங்களும் யாரும் பேசுவதில்லை. விதை பங்கு போடும் நாளில் எங்கள் ஊரில் இன்னொரு பழக்கமும் வந்துவிட்டது, யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியவில்லை, முளைவிட்ட கிழங்கைக் கண்கண்ணாக வெட்டுவதற்கு முன் எல்லோரும் அதை ஒரு நிமிடம் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். சிலர் சிரிக்கிறார்கள். பால்ச்சாமி கண்ணை மூடிக்கொள்கிறான். நானும் ஒவ்வொரு வருடமும் வைத்துப் பார்க்கிறேன், குளிர்ச்சியாக இருக்கிறது, மண் வாசம் வருகிறது, இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. என் கன்னத்துக்கு ஒரு துண்டு கம்பளி குறைகிறதோ என்னவோ.